முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்

8 ஜூலை 2025, செவ்வாய்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போனில் சைட்டேஷன் எண்ணைப் பார்த்தேன். 143. நேற்றும் 143. நேற்று இந்த உலகத்தில் ஒருவர்கூட என் கட்டுரையை மேற்கோள் காட்டவில்லை. அதற்காக முகம் வாடிப்போய்க் காபி குடித்தேன். "சிலபேர் ஷேர் மார்க்கெட் பாப்பாங்க, நீ இதப் பாக்கற. அவங்களுக்காவது எப்பவாவது காசு வரும்" என்றார் அசோகன். கோபாலபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்துகிறவருக்கு இதெல்லாம் புரியாது. கட்டிக்கொண்டு இத்தனை வருடமாகியும் புரியவில்லை.

நிறுவனத்தில் பேராசிரியர் பதவி ஒன்று காலியாகிறது. எனக்கு நாற்பத்தாறு வயது. இதை விட்டால் இணைப் பேராசிரியராகவே தரமணிக்குப் போய் வந்து ஓய்வு பெற வேண்டியதுதான். விண்ணப்பத்தில் இந்த முறை ஒரு புதுத் தொல்லை. நம் சிறந்த கட்டுரையைக் குறிப்பிட்டு, அதை மேற்கோள் காட்டியவர்கள் எதற்காகக் காட்டினார்கள் என்றும் எழுத வேண்டுமாம். அதையெல்லாம் யாராவது படித்திருப்பார்களா? எண்ணிக்கையைத்தானே பார்ப்போம்?

என் சிறந்த கட்டுரை எது என்பதில் சந்தேகமே இல்லை. அடையாற்றங்கரையில் எலிக்காய்ச்சல். நான் எழுதிய மற்றதெல்லாம் சேர்ந்தாலும் அதன் பாதி எண் வராது.

13 ஜூலை, ஞாயிறு

என்னை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பாக இருந்தது. ஜோதியான என்னை ஒருவர் 'ஜோதிலட்சுமணன்' ஆக்கியிருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த ஐந்து பேரும் அதே லட்சுமணன். யாரும் என் கட்டுரையைத் தொடவில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

எட்டு வருடத்துக்கு முன் நாங்கள் செய்தது இதுதான். ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றிலும், சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள காலனியிலும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். கரையில் இருப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் தொற்று மூன்று மடங்கு இருந்தது. இது பாதிதான். மீதிப் பாதி நான்காம் அட்டவணையில் இருக்கிறது. அதே குடியிருப்பில் இரண்டு சந்துகளில் மட்டும் மூடிய சாக்கடையும் ஒழுங்காகத் தண்ணீர் வரும் குழாயும் இருந்தன. அங்கே தொற்று காலனி அளவுதான். அதாவது, ஆற்றைக் குற்றம் சொல்லாதே, சாக்கடையைக் கட்டிக்கொடு. இதைச் சொல்வதற்காகத்தான் அந்தக் கட்டுரையையே எழுதினேன்.

இன்று படித்தவற்றில் ஒன்றில்கூட நான்காம் அட்டவணை இல்லை. எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: ஆற்றோரம் வசிப்பதால் ஆபத்து மூன்று மடங்கு.

முதல் பக்கத்துச் சுருக்கத்தில் மீதிப் பாதி இல்லை. இருநூறு சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்று ஜர்னலில் சொன்னார்கள். ஸ்ரீனிவாசராகவன் சார் — எங்கள் துறைத் தலைவர், அந்தக் கட்டுரையை என்னோடு எழுதியவர் — கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டார். "உள்ளே இருக்கே, படிக்கறவா படிச்சுப்பா" என்றார். நானும் சரி என்றேன். படிக்கிறவர்கள் யாரும் படிக்கவில்லை. 143 என்று நான் தினமும் பூரித்துப்போனது முழுவதும் பாதிக் கட்டுரைக்கு.

15 ஜூலை

144. போன வாரம் வந்திருந்தால் மயிலாப்பூரில் இறங்கி அல்வா வாங்கியிருப்பேன். யாரென்று திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

17 ஜூலை, வியாழன்

திறந்தேன். அது ஆய்வுக் கட்டுரையே அல்ல. ஆற்றங்கரையைச் சீரமைக்க ஒரு ஆலோசனை நிறுவனம் அரசுக்குத் தயாரித்துக் கொடுத்த அறிக்கை. நடுவில் என் கட்டுரை வருகிறது. 'இக்குடியிருப்பில் எலிக்காய்ச்சல் தொற்று மூன்று மடங்கு என்று அறிவியல்பூர்வமாக நிறுவப்பட்டுள்ளது. எனவே இவ்விடம் மனிதர் வசிக்கத் தகுதியற்றது.' அடுத்த வரியில் குடியிருப்பின் பெயர்: முனியம்மா தோட்டம்.

எப்படித் தெரிந்தது இவர்களுக்கு? இடத்தின் பெயரை நாங்கள் எழுதவே இல்லை. எழுதக்கூடாது என்பது ஆய்வின் விதி. 'தென் சென்னையில் ஒரு ஆற்றங்கரைக் குடியிருப்பு', அவ்வளவுதான். என் கட்டுரையையே பக்கம் பக்கமாகத் தேடினேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது. 'நன்றி' என்ற தலைப்புக்குக் கீழே. நானே எழுதியது. 'முனியம்மா தோட்டத்து மக்களுக்கும், குறிப்பாக தேவானை அவர்களுக்கும்.'

தேவானை அக்கா பட்டினப்பாக்கத்தில் மீன் எடுத்து வந்து கோட்டூர்புரம் பக்கம் விற்பவர். அன்றைக்கு அவர் முதலில் கையை நீட்டியதால்தான் மற்றவர்களும் நீட்டினார்கள். "ரத்தம் எங்க்ளுது, பேரு மட்டும் ஒங்க்ளுதா? எங்க பேரும் வரட்டும்மா" என்றார். நியாயமாகப் பட்டது. போட்டேன். அச்சில் வந்ததும் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் லேமினேட் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, எனக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டார்.

நன்றி சொன்ன வரியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

18 ஜூலை

நன்றி சொன்னதுக்கா? நன்றி சொன்னதுக்கா இது?

21 ஜூலை, திங்கள்

சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

"அசடே, இது லாட்டரின்னா. விண்ணப்பத்துல கொள்கைத் தாக்கம்னு ஒரு கட்டம் இருக்கோல்லியோ? அரசாங்கம் உன் ஆராய்ச்சியை எடுத்துண்டிருக்குன்னா அதுக்கு இருபது மார்க். நம்ம டிபார்ட்மென்ட்ல யாருக்கு இருக்கு சொல்லு."

"சார், அவங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டிருக்காங்க. அந்த இடத்தையே காலி பண்ணப் போறாங்க."

"அது அவா முடிவு. மூணு மடங்குன்னு நாம சொன்னோமா? சொன்னோம். பொய்யா? இல்லை." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதல்ல புரொபசர் ஆகு. அப்பறம் நன்னா பேசு. இப்போ வாயைத் திறந்துண்டு நிக்காதே."

அவர் கெட்டவர் இல்லை. இங்கிலீஷில் ஒரு பத்தி ஒழுங்காக எழுத வராமல் வந்து நின்ற என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதப் பழக்கியவர். அதனால்தான் அவரிடம் பயம். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

அந்தக் கட்டத்தை நிரப்பினேன். இன்னும் அனுப்பவில்லை. ஆனால் நிரப்பினேன்.

29 ஜூலை, செவ்வாய்

தேவானை அக்கா போன் செய்தார். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தேன்.

"டாக்டரம்மா, நல்லா கீறியா? செவுத்துல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போய்க்கீறாங்க. முச்சூடும் இங்கிலீசு. போட்டோ புட்ச்சி அனுப்பிக்கீறேன், இன்னா எய்திக்கீதுன்னு சொல்லு. எங்களுக்கு உன்ன உட்டா யார் கீறா?"

பின்னால் நிறையப் பெண்களின் குரல். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஏழு பத்தி நோட்டீஸ். ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆற்றங்கரை அரசு நிலம். செப்டம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் மாற்று வீடு. நான்காவது பத்தி என் கட்டுரை. என் பெயர், சாரின் பெயர், வருடம், மூன்று மடங்கு.

அதைத் தாண்டி ஐந்துக்குப் போனேன்.

"மூணு சொன்ன, அப்பால அஞ்சுன்ற. நாலு இன்னாமா?"

"அது... சட்டம் பத்திக்கா. ஒண்ணுமில்ல."

சரி என்றார். நம்பிவிட்டார். போனை வைத்த பிறகு காது சுட்டுக்கொண்டே இருந்தது. ஏன்டி அப்படிச் சொன்னே? ஏன்?

4 ஆகஸ்ட், திங்கள்

பறக்கும் ரயிலை விட்டு பஸ்ஸில் போகிறேன். கிரீன்வேஸ் ரோடு தாண்டி ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் முனியம்மா தோட்டம் தெரியும். நீலத் தார்ப்பாய்களும் கோயில் வேப்பமரமும். எட்டு வருடமாக அந்த மரம் வந்ததும் தலை தானாகத் திரும்பும். என் கட்டுரையின் ஊர் என்று ஒரு அற்பப் பெருமை. இப்போது அந்த மரம் என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

பஸ்ஸில் அரை மணி தாமதம். மீட்டிங்கில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அசோகன் மூன்று நாளாக இதைத்தான் சொல்கிறார்: "அவங்களாத் தெரிஞ்சிக்கிறதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லிடு ஜோ."

தேவானை அக்கா வீடு மூன்றாவது சந்து. திறந்த சாக்கடை வாசற்படியை ஒட்டி ஓடுகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே. நூற்றுச் சொச்சம் கட்டுரைகள் அந்தச் சாக்கடையைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். ஒரு சிமெண்ட் பலகைகூட வரவில்லை.

உள்ளே போனதும் அவர் நேராகச் சுவரைக் காட்டினார். லேமினேட் பக்கம். ஓரம் மஞ்சளாகியிருந்தது.

"கூட்டத்துக்கு இத்த எட்த்துக்கினு போப்போறேன். நாங்க இங்கதான் கீறோம், படிச்சவங்களே எங்களுக்கு நன்றி சொல்லிக்கீறாங்கன்னு ஆபீசராண்ட காட்டுவேன். நம்ம கையில ஆதாரம் கீது. யார்னா வந்து இன்னா பண்ணிட முடியும்?"

சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தை அவர் அங்கே எடுத்து நீட்டுவார். ஆபீசர் அதே பக்கத்தைத் தன் பைலிலிருந்து எடுத்துக் காட்டுவார். கண்ணை மூடினால் இதுதான் வருகிறது.

14 ஆகஸ்ட், வியாழன்

தெரியாத எண். பீர் முஹம்மது என்று சொன்னார், முனியம்மா தோட்டத்துக்காக ஆஜராகும் வக்கீல். நிதானமான குரல்.

"மேடம், நோட்டீஸ் நாலாவது பாராவுல இருக்கிறது நீங்கதானே?"

"ஆமா."

"அவங்களுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லல. நீங்களே சொன்னா நல்லாருக்கும்னு நெனச்சேன். உங்க பேப்பர் முழுசும் படிச்சேன். நாலாவது அட்டவணையை நீங்க நேர்ல வந்து எடுத்துச் சொன்னா நமக்குப் பலம். வரலேன்னா, நான் படிச்சு வாதாடுவேன். ஆனா எழுதினவங்களே எதிர்ப்பக்கம்னு கவர்மென்ட் தரப்புல சொல்லிடுவாங்க."

என் கட்டுரையை முழுவதும் படித்த முதல் மனிதர் ஒரு வக்கீல். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கிறவரை கை நிற்கவில்லை. மூன்று மடங்கு, முதல் பக்கம், கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயர், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்குப் போன்ல நாலு சொல்லாம உட்டியே, அது இதானா?"

"ஆமாக்கா."

"எல்லாரும் கேட்டுக்கினு இருந்தாங்களே. அத்தினி பேரையும் வெச்சிக்கினு உட்டியா."

நான் அழுதேன். அழுதிருக்கக் கூடாது. அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பேரு போடச் சொன்னது நானு. அதுக்கு நீ அயுவாத. ஆனா எங்க ரத்தத்த எட்த்து எங்களயே அடிக்கிறாங்கன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்காம டீ குட்ச்சிட்டுப் போன பாரு, அத்தத்தான் என்னால..."

கூட்டத்துக்கு வந்து பேசுகிறேன் என்றேன்.

"பயமா கீதா?"

"ஆமா."

"எனக்குந்தான். ஆனா எனக்குப் போறதுக்கு வேற எடம் கெடையாது. உனக்கு கீது. அத்தப் பாத்துக்க."

எப்போது போனாலும் கிளம்பும்போது மீன் கட்டிக் கொடுப்பார். இன்று கொடுக்கவில்லை.

20 ஆகஸ்ட், புதன்

சாரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். கூட்டத்தில் பேசப் போகிறேன். ஜர்னலுக்குத் திருத்தக் குறிப்பு எழுதியிருக்கிறேன்: சுருக்கத்தில் விடுபட்ட வாக்கியத்தைச் சேர்க்க வேண்டும், இந்தக் கட்டுரையை யாரையும் அப்புறப்படுத்தக் காரணமாகக் காட்ட முடியாது. அதில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு பேர் கட்டுரை.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மார்ச்ல ரிடையர் ஆறேன் ஜோதி. இந்த இன்ஸ்டிட்யூட் அரசாங்கப் பணத்துல ஓடறது. நாளைக்கே மேலேருந்து போன் வரும். எனக்கு பயமா இருக்கு, போறுமா? சொல்லிட்டேன்."

அவர் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. குறிப்பை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு என் அறையில் உட்கார்ந்து, விண்ணப்பத்தில் கொள்கைத் தாக்கம் என்ற கட்டத்தில் எழுதியதை அழித்தேன். காலியாகவே அனுப்பிவிட்டேன். போய்விட்டது. இனி திரும்ப வாங்க முடியாது.

8 செப்டம்பர்

நாளைக்குக் கூட்டம். லீவு போட்டுக்கொண்டு கூட வரட்டுமா என்றார் அசோகன். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, வாங்க என்றேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மணமக்கள் உட்காரும் மேடையில் அதிகாரிகள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் முனியம்மா தோட்டம் மொத்தமும். தேவானை அக்கா முதல் வரிசை. மடியில் அந்த லேமினேட் பக்கம். என்னைப் பார்த்தார், தலையசைக்கவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "இது நீங்க எழுதினதுதானே டாக்டர்? மூணு மடங்குன்னு?"

"ஆமா."

"அப்ப நாங்க சொல்றதும் அதுதானே. இந்த மக்களோட நல்லதுக்குத்தான்."

"சார், நான்காம் அட்டவணையைத் தயவுசெய்து பாருங்க."

பைலைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் புரட்டினார். அவர்கள் பைலில் என் கட்டுரையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும்தான் இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை.

முதல் பக்கம் மூன்று மடங்குக்கு. கடைசிப் பக்கம் முகவரிக்கு.

முழுக் கட்டுரையையும் பிரதிகள் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அசோகன் மேடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் பேசினேன். எத்தனை நேரம் என்று தெரியாது. இரண்டு சந்துகள், மூடிய சாக்கடை, குழாய், அங்கே தொற்று காலனியில் எவ்வளவோ அவ்வளவுதான். "இடத்தைக் காலி செய்யச் சொல்லி இந்தக் கட்டுரை சொல்லவில்லை. சாக்கடையை மூடச் சொல்கிறது. அதை முதல் பக்கத்தில் எழுதாமல் விட்டது எங்கள் தவறு." யாரும் கை தட்டவில்லை. நல்லவேளை.

தேவானை அக்கா முறை வந்தது. எழுந்தார். லேமினேட் பக்கத்தை நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெறுங்கையோடு போனார். "அவுங்க சொன்னதுதான். சாக்கடைய மூடிக் குடுங்க. நாங்க நோவு இல்லாம இருந்துக்குறோம்." அவ்வளவுதான் சொன்னார்.

முடிவு பின்னர் அறிவிக்கப்படுமாம்.

19 செப்டம்பர், வெள்ளி

நேர்காணல். வெளியிலிருந்து வந்த நிபுணர், "கொள்கைத் தாக்கம் காலியா விட்டிருக்கீங்க. ஆனா உங்க கட்டுரையை அரசு அறிக்கையில காட்டியிருக்காங்களே, தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். "அப்புறம் ஏன்?" அது என் கட்டுரை இல்லை, பாதி என்றேன். புரியவில்லை அவருக்கு. "உங்க பெஸ்ட் பேப்பருக்கே திருத்தம் கேட்டிருக்கீங்களாமே" என்று இன்னொருவர். சாரும் தேர்வுக் குழுவில் இருந்தார். மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

6 அக்டோபர்

பதவி ஆனந்தகுமாருக்கு. என்னைவிட ரொம்ப ஜூனியர், நல்ல பையன். கை கொடுத்தேன். பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மழை. தேவானை அக்கா வருடா வருடம் போன் செய்வார், "எண்ண தேச்சு குளிச்சியா?" என்று. இன்று வரவில்லை. நானும் செய்யவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதாம். மழையைக் காரணம் காட்டி அவர்களை அள்ளிப்போக ராத்திரியோடு ராத்திரியாக லாரி கொண்டுவந்துவிடுவார்களோ என்று டிவியை அணைக்கவே முடியவில்லை.

3 நவம்பர், திங்கள்

ஜர்னலிலிருந்து மெயில். 'இரு ஆசிரியர்களின் ஒப்புதலும் கிடைத்ததால் திருத்தக் குறிப்பு வெளியிடப்படுகிறது.' இரு ஆசிரியர்கள்!

சார் அறைக்கு ஓடினேன். நிமிர்ந்து பார்த்தார். "காபி சாப்ட்டியோ?" என்றார். இன்னும் இல்லை சார் என்றேன். "கொண்டுவரச் சொல்றேன், உக்காரு." இரண்டு பேரும் காபி குடித்தோம்.

12 நவம்பர், புதன்

பீர் முஹம்மது உத்தரவைப் படித்துக் காட்டினார். இப்போதைக்குக் காலி செய்வதில்லை. மீதிச் சந்துகளிலும் சாக்கடை மூடி, குழாய் போடுவார்கள். வேலை தொடங்கும் முன்னால் எங்கள் நிறுவனம் ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், ஒரு வருடம் கழித்து இன்னொன்று. தொற்று குறைந்திருந்தால் அவர்கள் இருக்கலாம். குறையாவிட்டால் பழைய நோட்டீஸ் அப்படியே உயிர் பெறும்.

"ஜெயிச்ச மாதிரிதான் மேடம்" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் வீடெல்லாம் இப்போது என் நான்காம் அட்டவணையின்மேல் நிற்கிறது. அது சரிதானா? இரண்டே சந்து. எழுபத்தோரு பேர். அவ்வளவு சின்ன எண்ணிக்கையை வேறு யாராவது எழுதியிருந்தால் நானே உதட்டைப் பிதுக்கியிருப்பேன். தற்செயலாக அமைந்திருந்தால்? சாக்கடையை மூடியும் குறையாமல் போனால்? பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே விடை. ஒவ்வொரு முறையும் பயம்.

14 டிசம்பர், ஞாயிறு

முதல் ரத்தப் பரிசோதனைக்கு ரயிலிலேயே போனேன். வேப்பமரம் வந்ததும் பார்த்தேன். மூன்றாம் சந்தில் வேலைக்காக இறக்கி அடுக்கியிருந்த சிமெண்ட் பலகைகள் பாலத்திலிருந்தே தெரிந்தன.

கோயிலுக்கு முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்தோம். போன முறை வரிசை தெரு வரைக்கும் நின்றது. இன்று பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை. ஒரு பெண் நேராகவே சொன்னாள்: "மறுபடி எங்க ரத்தத்த எட்த்து இன்னா எய்துவீங்களோ." காத்திருந்தோம்.

வெயில் ஏறிய பிறகு தேவானை அக்கா மீன் கூடையோடு வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒப்புதல் தாளை அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. கடைசியில் நான் புதிதாகச் சேர்த்த கேள்வி: உங்கள் பெயரையும் இடத்தின் பெயரையும் வெளியிடலாமா?

"வேணாம்" என்றார். பேனாவை வாங்கி 'இல்லை' என்பதற்கு எதிரில் தானே கோடு போட்டார், இரண்டு தடவை, அழுத்தி. "அன்னிக்கு எங்க பேரு வரணும்னு கேட்டது நானுதான். இப்ப வராம இருக்கணும்னு கேக்குறதும் நானுதான். யாரு ரத்தம்னு உனக்குத் தெரியும்ல? அது போதும்."

இடது கையை நீட்டினார். அதில்தான் நரம்பு நன்றாகத் தெரியும் என்று போன முறை நான் சொன்னதை மறக்கவில்லை. நானே எடுத்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், தன் சந்தைப் பார்த்து, "ஏய், வந்து குடுங்கடி" என்று ஒரு குரல் கொடுத்தார். இரண்டு கதவு திறந்தது.

மாத்திரை போட வேண்டும், தண்ணீர் கொடுங்கள் என்று அவர் வீட்டுக்குள் போனேன். பொய்தான். சுவரைப் பார்க்கத்தான் போனேன். காலண்டருக்குப் பக்கத்தில் அந்த ஆணி அப்படியே இருக்கிறது. அதில் இப்போது ரேஷன் பை தொங்குகிறது.